யாருக்குக் கணக்கு? கொடை, நிதி, சிவில் சமூகம் குறித்துச் சில குறிப்புகள்

திருமுக்கூடல் கோயில் சுவரில் ஒரு பட்ஜெட் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டைத்தான் சொல்கிறேன். வயலைக்காவூர் என்ற ஊரிலிருந்து வருகிற நெல்லும் காசும் எப்படி எப்படிச் செலவாக வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. வேதமும் இலக்கணமும் கற்பிக்கிற கல்லூரிக்கு இவ்வளவு, மாணவர் விடுதிக்கு இவ்வளவு, வீரசோழன் என்று பெயரிட்ட ஆதுலசாலைக்கு இவ்வளவு. ஆதுலசாலையில் 15 படுக்கைகள். வைத்தியருக்கு, அறுவை செய்பவருக்கு, மூலிகை கொண்டுவருபவர்களுக்கு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு, நாவிதருக்கு என்று தனித்தனியாக அளவு. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட இருக்கிறது. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி என்று பெயர் பெயராக. இரவு விளக்குக்கு எண்ணெயும் மறக்கப்படவில்லை.

‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் ஆஸ்பத்திரி கட்டினான் பார்’ என்று மேடையில் முழங்குவதற்கு இந்தக் கல்வெட்டு வசதியானது. அதற்காக இங்கே அதை எடுக்கவில்லை. அந்த நெல் யாருடையது? வயலைக்காவூரில் உழுதவர்களுடையது. வரியாகப் போய்க்கொண்டிருந்த நெல், கோயிலின் பக்கம் திருப்பிவிடப்பட்டதும் ‘கொடை’ ஆகிவிடுகிறது. கொடுத்தவன் பெயர் மெய்க்கீர்த்தியோடு முன்னால் நிற்கிறது. விளைவித்தவர்களுக்குச் சுவரில் இடமில்லை. படுக்கையிலும் இடமில்லை. ஆதுலசாலை கோயில் ஊழியருக்கும் கல்லூரி மாணவருக்கும் உரியது. பிறரிடம் எடுத்ததைத் தன் பெயரால் கொடுப்பது என்பதுதான் கொடை என்ற சொல்லாடலின் அடிப்படை. இன்றைய பன்னாட்டு நிதி நிறுவனங்கள் விஷயத்திலும் இதை மறக்க வேண்டியதில்லை. ஃபோர்டின் அறக்கட்டளைப் பணம் டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலையின் உபரியிலிருந்து வந்ததுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கு சுவரில் இருக்கிறது. ஊர் பேசுகிற மொழியில், கலம் கலமாக. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வி நியாயமானது. இருந்தாலும், படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தம்போட்டு வாசித்தால் பக்கத்தில் நிற்கிறவருக்குப் புரியும்.

பக்கத்தில் இன்னொரு சுவர், உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி இந்தியா ஜனநாயகத்தின் தாய் என்பதற்குச் சான்றாக இதைத்தான் காட்டினார். நிலமும் வேதக் கல்வியும் உடைய பார்ப்பன ஆண்கள் தமக்குள் சீட்டுக் குலுக்கிக்கொண்ட முறை இது என்பதைப் பலர் எழுதியாயிற்று. எனக்கு அக்கறை, அதிகம் மேற்கோள் காட்டப்படாத இன்னொரு விதியில். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது.

இதையொத்த விதியையும் பிரதமர் அந்த உரையில் சொல்லிக் காட்டினார். சங்கடமாகியிருக்க வேண்டும். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2020 செப்டம்பரில், அவருடைய அரசு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று தொண்டு நிறுவனங்களில் எல்லோருக்கும் அடிவயிற்றைக் கலக்குகிற அந்த நான்கெழுத்துதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

*

‘மாறும் ஜனநாயகங்கள்’ என்று ஒரு சொல்லாட்சி 1989க்குப் பிறகு பரவலாயிற்று. போலந்து, ஹங்கேரி, தென்னாப்பிரிக்கா, சிலி. சர்வாதிகாரத்திலிருந்தோ ஒற்றைக் கட்சி ஆட்சியிலிருந்தோ வெளியே வருகிற நாடுகளில் சட்டத்தைச் சீர்திருத்த, நீதிமன்றங்களை வலுப்படுத்த, ‘சிவில் சமூகத்தை’ வளர்க்க நிதி. அமெரிக்காவில் 1983இல் இதற்கென்றே ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம் தொடங்கப்பட்டது. 1984இல் சோரோஸ் ஹங்கேரிக்குப் போனார். கிராம்ஷி எந்தப் பொருளில் சிவில் சமூகம் என்றாரோ அது இங்கே தலைகீழாகிவிட்டது. ஆளும் வர்க்கத்துக்கான இசைவு உற்பத்தியாகிற களம், அதனாலேயே போராட வேண்டிய களம் என்றார் அவர். எஸ்.வி.ராஜதுரையும் வ.கீதாவும் தமிழில் கிராம்ஷியை அறிமுகப்படுத்தியபோது நாம் அப்படித்தான் படித்தோம். நிதியின் மொழியில் அதே சொல், அரசுக்கும் சந்தைக்கும் நடுவில் கறைபடாமல் நிற்கிற மூன்றாவது மனிதராகிவிட்டது. 2011இல் லோக்பால் மசோதாக் குழுவில் ‘சிவில் சமூகப் பிரதிநிதிகள்’ என்று ஐந்து பேர் உட்கார்ந்தபோது இந்த இரண்டாவது அர்த்தம் இங்கேயும் நிலைபெற்றது.

நம் மாற்றக்காலம் 1977. நெருக்கடி நிலைக்குப் பின்னால், சென்னை மத்தியச் சிறையில் சிட்டிபாபு உள்ளிட்டவர்களுக்கு நேர்ந்ததை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்த காலம். அந்த மாற்றத்துக்கு யாரும் நிதி கொடுக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1976இல் தொடங்கி வைத்த மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) இன்றுவரை உள்நாட்டு, வெளிநாட்டு நிதி நிறுவனம் எதனிடமும் காசு வாங்குவதில்லை. சந்தாவில் ஓடுகிறது. சில ஊர்களில் ஓடுவதில்லை, அதுவும் உண்மை.

நெருக்கடி நிலை நமக்கு இரண்டு சட்டங்களை விட்டுச் சென்றது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டம். இரண்டும் 1976. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த அதே ஆண்டில் பிறந்தவை. ஒன்று, கடனுக்காக உடலை அடமானம் வைக்கிற முறை ஒழிந்தது என்று அறிவித்தது. மற்றது, அரசியலில் வெளிநாட்டுப் பணம் நுழையக் கூடாது என்றது. முதலாவது சட்டத்தை அமல்படுத்தச் சொல்லிக் கேட்கிறவர்களை இரண்டாவது சட்டம் எப்படி நடத்தியது என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

பட்டுத்தறி. காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறம், வேறு வேறு நாடா, ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் கையால் பூட்ட வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால் எதிர்க்கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும். பெரிய ஆளுக்குக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது. எனவே பிள்ளைகள். முதலாளியிடம் அப்பனோ அம்மாவோ வாங்கிய முன்பணம், அது கழிகிற வரை பிள்ளை தறிக்குழியில். கூலியில் கழித்துக்கொண்டே வருவார்கள், கணக்கு முதலாளி நோட்டில் இருக்கும், தீராது. சட்டத்தின் பார்வையில் இது துல்லியமாகக் கொத்தடிமைத்தனம். பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்சநீதிமன்றம் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொன்னது: கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே முன்பணம் இருந்தது என்று ஊகித்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற நியூயார்க் அமைப்பு 1996இலும் பிறகு 2003இலும் வெளியிட்ட அறிக்கைகளில் இந்தியக் குழந்தைக் கொத்தடிமைகளைப் பற்றி எழுதியது. 2003 அறிக்கை முழுக்கப் பட்டுத் தொழிலைப் பற்றியது. அதில் காஞ்சிபுரம் இருக்கிறது.

1976லிருந்து 2003 வரை நம் ஊர்த் தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாத எதை நியூயார்க் கண்டுபிடித்தது? ஒன்றுமில்லை. தறிச் சத்தம் தெருவில் போகிற எல்லாருக்கும் கேட்கும். சட்டத்தின்படி மாவட்டத்திலும் உட்கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். குழு கூட வேண்டும், குழுவுக்கு வேலை வேண்டும். ‘இங்கே கொத்தடிமை இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது. தெருவில் தெரிந்தது காகிதத்தில் ஏற ஒரு வெளிநாட்டு அமைப்பின் அறிக்கை தேவைப்பட்டது. இந்த வெட்கக்கேட்டைப் பேசாமல் ‘அந்நிய நிதி’ பற்றி மட்டும் பேசுவது நேர்மையான காரியமாகாது.

(இப்போது அந்தத் தறிகளில் பிள்ளைகள் பெருமளவு குறைந்துவிட்டார்கள். அதற்குப் பள்ளி, சத்துணவு, சோதனைகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. தறியே குறைந்துபோனதற்கும் உண்டு. 1998இல் ஹூண்டாய், பிறகு நோக்கியா என்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை திறந்தபோது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். எந்த ப்ராஜக்ட்டின் வெற்றி அறிக்கையிலும் ஹூண்டாய்க்கு நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள்.)

*

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காகச் சட்ட விழிப்புணர்வுக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழில் கொண்டுவந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கிடைக்கிற வேலைகளில் அதுவும் ஒன்று. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம், வாங்கிக்கொண்டேன். அதனால் கீழே சொல்வதில் நானும் சேர்த்தி.

அந்தக் கையேட்டின் மொழியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயனாளி, திறன் மேம்பாடு, வலுவூட்டல், பங்கேற்பு, பங்குதாரர், உணர்திறனூட்டல். ‘பங்குதாரர்’ என்ற சொல் கொத்தடிமையையும், அவனை வைத்திருக்கிற ரைஸ்மில் முதலாளியையும், தாசில்தாரையும் ஒரே பட்டியலில் போட்டிருந்தது. மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ‘கலந்துரையாட’ வேண்டும் என்பது பயிற்சி எண் நான்கு. முரண் இருந்த இடத்தில் மேஜை வந்துவிடுகிறது. ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லின் வரலாறு இன்னும் சோகமானது. எழுபது எண்பதுகளில் பாவ்லோ ஃப்ரெய்ரே தமிழ்நாட்டுக்கு வந்தது பெரும்பாலும் திருச்சபை சார்ந்த குழுக்களின் வழியாக. ஒடுக்கப்பட்டவர் தன் நிலைமையைத் தானே பெயரிட்டு அதை மாற்ற எழுவது என்று அவர் சொன்னது இன்று விழிப்புணர்வுப் பேரணி, விழிப்புணர்வு கோலப்போட்டி என்று வந்து நிற்கிறது. யாரோ விழித்திருக்கிறார்கள், மற்றவர்கள் தூங்குகிறார்கள், எழுப்பிவிட்டால் சரியாகிவிடும்!

சோதனை வாசிப்புக்காகத் தறித்தெருவில் ஒரு பெண்கள் குழுவிடம் சில பக்கங்களைப் படித்துக் காட்டினோம். வயதான அம்மா ஒருத்தி கேட்டார்: “பயனாளின்னா யாருப்பா, நாங்களா? நாங்க என்னா பயன கண்டோம்?” சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போனோம். பார்த்தா சாட்டர்ஜி 2004இல் சொன்னதைத்தான் அந்த அம்மா கேட்டார். இந்த நாடுகளில் பெரும்பான்மையோர் உரிமைகளை உடைய குடிமக்களாக அரசின் முன் நிற்பதில்லை. நிர்வகிக்கப்பட வேண்டிய மக்கள்தொகையாகவே நிற்கிறார்கள். நிதி நிறுவனமும் அவர்களை அப்படியே எடுத்துக்கொள்கிறது, அரசு போட்ட கோட்டின் மேலேயே.

இந்த மொழியின் இலக்கணத்தில் காலம் ஒரு முக்கியமான கூறு. ப்ராஜக்ட் மூன்று வருஷம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுகிற புகைப்படம் பலருக்கு நினைவிருக்கும். மீட்பு ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் இருக்கிறது. விடுவிப்புச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் எதுவும் கிடையாது. 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 20,000 ரூபாய், பிறகு 30,000 என்று உயர்ந்தது. மீதி பெரிய தொகை — ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு, கொடிய நிலைமைகளில் மூன்று — வழக்கு முடிவோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு எப்போது முடியும்? சாட்சி சொல்ல வேண்டியவர் அதற்குள் வேறு காட்டில் வேறு முன்பணத்தில் இருப்பார். குற்றம் நிரூபணமானால் சட்டத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். 1976இல் வைத்த 2,000. இத்தனை நீண்ட காரியத்தை மூன்று ஆண்டு நிதிக்குள் அடக்க வேண்டுமானால் அறிக்கையில் எண்ணுவதற்கு மிஞ்சுவது மீட்கப்பட்டவர் தொகையும் நடத்திய பயிற்சிகளின் தொகையும்தான். திரும்ப அடிமையானவர்களை எண்ண அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஈழத்தில் இதே காலப் பிரச்சினை வேறு வடிவத்தில். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அக்டோபரில் ஜெனீவாவில் 30/1 தீர்மானம். அப்போது தமிழில் ஒரு சொல் பிறந்து எல்லாப் பயிலரங்குப் பதாகைகளிலும் ஏறியது: ‘நிலைமாறுகால நீதி’. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம், 2018 பிப்ரவரியில் ஆணையாளர்கள். இடையில், 2017 பிப்ரவரியில், கிளிநொச்சியில் தாய்மார் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்கள், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும்கூட. எங்கள் பிள்ளைகளை உங்கள் கையில்தானே ஒப்படைத்தோம், எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். அந்த அலுவலகத்தை அவர்கள் ஏற்கவில்லை. எந்த நிலை மாறியது, யாருடைய காலம் என்ற கேள்விக்குப் பதாகையில் பதில் இல்லை. 2019 நவம்பரில் கோத்தபாய ராஜபக்ச ஜனாதிபதியானார். 2020 பிப்ரவரியில் இலங்கை அரசு அந்தத் தீர்மானத்திலிருந்து விலகிக்கொண்டது. பயிலரங்குகளின் காலம் முடிந்தது. தாய்மார் உட்கார்ந்தபடியே இருந்தார்கள், பலர் பிள்ளையைக் காணாமலே இறந்துபோனார்கள்.

*

இப்போது கட்டுரையின் சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

அந்நிய நிதியை விமர்சிக்கிற மொழியை உருவாக்கியவர்கள் நாம்தான். 1984இல் பிரகாஷ் காரத் ‘தி மார்க்சிஸ்ட்’ இதழில் தன்னார்வக் குழுக்கள் ஏகாதிபத்திய உத்தியின் ஒரு கூறு என்று எழுதினார். மா-லெ குழுக்கள் இன்னும் காட்டமாக எழுதின. தொண்ணூறுகளின் சிற்றேடுகளில் ‘என்.ஜி.ஓ. ஆள்’ என்பது வசவு. விமர்சனத்தில் சரக்கு இருந்தது. முழுநேர ஊழியர் ஒருவர் கட்சியை விட்டு ஜீப் உள்ள நிறுவனத்துக்குப் போனதை எல்லா ஊரிலும் பார்த்தோம். ஆனால் அதே சொற்கள் இன்று யார் வாயில் இருக்கின்றன? 2012 பிப்ரவரியில் கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்க என்.ஜி.ஓ.க்கள் இருப்பதாக ‘சயின்ஸ்’ இதழுக்குப் பேட்டி கொடுத்தவர் மன்மோகன் சிங். அணுஉலைக்கு ரஷ்யாவின் பணத்தையும் இயந்திரத்தையும் வாங்கிக்கொண்டே அதைச் சொன்னார். மதுரை மக்கள் கண்காணிப்பகம் காவல் சித்திரவதை வழக்குகளைத் தொடர்ந்து ஆவணப்படுத்திவந்த அமைப்பு. அதன் கணக்கு 2012–13இல் முடக்கப்பட்டது, காங்கிரஸ் ஆட்சியில். 2016இல் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, பா.ஜ.க. ஆட்சியில். அதே 2016இல் லாயர்ஸ் கலெக்டிவின் பதிவு ரத்து. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் வரைவிலும், 377ஆம் பிரிவுக்கு எதிராக 2001இல் தொடங்கிய வழக்கிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. வெளிநாட்டு நிதி வாங்கிய அமைப்புதான். நிதி வாங்கியவர்கள் செய்ததெல்லாம் போராட்டத்தைக் காயடிப்பது என்ற சூத்திரம் இங்கே பொருந்தவில்லை. இன்று ஒரு பெண் அடிக்கிற புருஷனை வீட்டைவிட்டு வெளியேற்ற நீதிமன்றத்தில் உத்தரவு கேட்க முடிகிறதே, அந்தச் சட்டத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

அரசுக்கு ‘அந்நியம்’ பற்றி உண்மையில் அக்கறை உண்டா? 2014 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம், வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதில் காங்கிரசும் பா.ஜ.க.வும் இந்தச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. கட்சிகள் என்ன செய்தன? 2016 நிதிச் சட்டத்தில் ‘அயல்நாட்டு மூலம்’ என்பதன் வரையறையையே மாற்றினார்கள். போதவில்லை என்று 2018 நிதிச் சட்டத்தில் அந்த மாற்றத்தை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கிக் கொண்டுபோனார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுப் பாவத்தை பட்ஜெட்டில் ஒரு வரியில் கழுவிவிட்டார்கள். சுரங்க முதலாளியின் பணம் சுதேசியாயிற்று. சித்திரவதையை எதிர்த்தவரின் பணம் அந்நியமாகவே நின்றது.

2020 திருத்தம் மூன்று காரியம் செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆயிற்று. வழக்குரைஞருக்கும் களப்பணியாளருக்கும் தரும் சம்பளமெல்லாம் பெரும்பாலும் நிர்வாகச் செலவுதான் என்று எழுதப்படும் என்பதால், கட்டடம் கட்டுகிறவருக்கு நஷ்டமில்லை, வழக்கு நடத்துகிறவருக்குத்தான். பணம் பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றக் கூடாது என்றது. சென்னையில் ஆங்கிலத்தில் ப்ரப்போசல் எழுதத் தெரிந்தவர்கள் வாங்கி, வாலாஜாபாத்தில் அது தெரியாத சின்னக் குழுவுக்கு ஒரு பங்கு கொடுத்துவந்த வழி இதோடு அடைந்தது. மூன்றாவது, நாட்டில் எந்த மூலையில் இருந்தாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு தில்லி பாராளுமன்ற வீதி ஸ்டேட் வங்கியில்தான். 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் பணத்தை மாற்றத் தடையையும் தில்லிக் கணக்கு விதியையும் சரி என்றது.

இதெல்லாம் வெளிப்படைத்தன்மைக்காக என்றார்கள். அந்த வாதத்தை எடைபோட ஒரு செய்தி போதும். 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் காலாண்டுக்கொரு முறை வரவை இணையத்தில் போடும் விதியை நீக்கியது. தன் இணையதளத்தில் இருந்த நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளையும் எடுத்துவிட்டது. யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று நீங்களும் நானும் அதுவரை பார்க்க முடிந்தது. இனி அரசு மட்டும் பார்க்கும்.

ஆக, கணக்கு இரண்டு திசையில் போகிறது. ஒன்று ஜெனீவாவுக்கோ நியூயார்க்குக்கோ பெர்லினுக்கோ, ஆங்கிலத்தில். மற்றது தில்லிக்கு. இரண்டுமே மேல்நோக்கி. தறிக்குழியிலோ விறகுக் காட்டிலோ இருக்கிற ஆள், தன் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் எவ்வளவு என்று கேட்க வழியில்லை. கேட்க நினைக்கிறதும் இல்லை. பணம் உள்ளூரா வெளியூரா என்று நாம் நாற்பது வருஷம் சண்டை போட்டோம். கணக்கை யார் படிக்க முடியும் என்று கேட்டிருந்தால், அரசு நம் வசனத்தை இவ்வளவு எளிதாகத் திருடியிருக்க முடியாது. அந்தக் கேள்வி அரசின் மேலும் சமமாகப் பாயும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வாங்கி மரம் நடுகிறவர்கள் மேலும் பாயும்.

இதைக் கற்பனையில் சொல்லவில்லை. ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்சாயத்துச் செலவுக் கணக்கை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தது. 1994 முதல் நடந்த அந்தப் பொது விசாரணைகளில், கட்டாத கட்டடத்துக்கும் செத்துப்போனவர் பெயரிலும் எழுதிய கூலி வெளியே வந்தது. 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா, ஊர்க்காரர்கள் கொடுத்த தானியத்திலும் காசிலும். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த பெரிய சட்டச் சீர்திருத்தங்களில் ஒன்றின் தொடக்கம் இது, இதற்கு எந்த நிதி நிறுவனமும் கொடை கொடுக்கவில்லை. பின்னால் வேலை உறுதித் திட்டத்தின் கூலி விவரத்தைச் சுவரில் எழுதுவது அங்கிருந்துதான் பரவியது. மறுபடியும் சுவர்.

இங்கே வாச்சாத்தி. 1992 ஜூன் 20 நடந்த கொடுமைக்கு, 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29. முப்பத்தோரு ஆண்டு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் தூக்கிச் சுமந்தார்கள். எந்த ப்ராஜக்ட் முப்பத்தோரு வருஷம் இருக்கும்? ஆனால் எல்லா அடிமைக்கும் பின்னால் ஒரு கட்சியோ சங்கமோ இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விறகு வெட்டுகிற இருளர் குடும்பம் ஒரு தொகுதியில் எத்தனை ஓட்டு?

நம் பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளில் தலித் இலக்கியம் பற்றி நாம் நடத்திய விவாதங்களில் எத்தனை, திருச்சபை நிறுவனங்களின் அரங்குகளில், அவர்கள் கொடுத்த சாப்பாட்டோடு நடந்தன? மதுரை இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையமும் அங்கு நடந்த கலைவிழாக்களும் இல்லாமல் அந்த எழுச்சியின் வரலாற்றை எழுத முடியாது. அது குற்றமில்லை. வாங்கிக்கொண்டு ஏசியதுதான் கொஞ்சம் அசிங்கம். நம் சிற்றேடுகளில் எத்தனை, அச்சகக் கடனையும் நன்கொடையையும் கடைசிப் பக்கத்தில் போட்டன?

அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு 2025 ஜூலை 1 அன்று கதவை அடைத்துவிட்டது. ஜனவரியிலேயே ட்ரம்ப் எல்லாவற்றையும் நிறுத்தி உத்தரவு போட்டார். ‘சிவில் சமூகம்’ என்று முப்பது வருஷம் கட்டியதில் எத்தனை, ஒரு தேர்தல் முடிவில் விழுந்தது என்று உலகம் முழுக்க இனிமேல்தான் எண்ணிப் பார்ப்பார்கள். இங்கே அதைக் கொண்டாடுகிற தோழர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கொண்டாட ஒன்றும் தோன்றவில்லை. முன்பணம் கொடுக்கிற முதலாளிக்கு யாரும் நிதியை நிறுத்தவில்லை.

இந்தக் கருத்துகளை வாலாஜாபாத்தில் ஒரு சிறு கூட்டத்தில் சொன்னேன். நிதி வாங்குகிற எந்த அமைப்பும், எங்கிருந்து எவ்வளவு, எதற்கு எவ்வளவு, யாருக்குச் சம்பளம் எவ்வளவு என்று தமிழில், தான் வேலை செய்கிற தெருவின் சுவரில் எழுத வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதைச் சத்தமாக வாசித்துக் கேள்வி கேட்க விட வேண்டும். செய்யாதவர்களோடு மேடை ஏற மாட்டோம் என்று எழுத்தாளர்களாவது முடிவெடுக்கலாம் என்றேன். இருளர் குடியிருப்புகளில் பல காலமாக வேலை செய்கிற ஒருவர் எழுந்தார். “சுவத்துல எழுதுனா மொதல்ல படிக்கிறது கியூ பிராஞ்சு சார். ரெண்டாவது ரைஸ்மில் ஓனரு. மறுநாள் எங்க ஆளுங்களுக்கு அடி விழும். ஒங்க கல்வெட்ட வெட்டுனது ராஜா, அவனுக்கு யாரு பயம்?”

அவர் சொன்னதில் பாதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கியூ பிராஞ்சு படிக்க வேண்டியதையெல்லாம் படித்தாயிற்று; பாராளுமன்ற வீதிக் கணக்கில் ஒவ்வொரு ரூபாயும் அவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்கள் அந்தக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் மட்டும்தான். ரைஸ்மில்காரர் விஷயத்துக்குப் பதில் இல்லை. எந்த வரியைச் சுவரில் எழுதலாம், எதைக் குடிசைக்குள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறவர்களோடு பேசித்தான் முடிவுசெய்ய முடியும். அவருடைய அமைப்பின் கடந்த ஆண்டுக் கணக்கை அடுத்த மாதம் குடியிருப்பில் வாசிக்கலாம் என்று சம்மதித்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘உணர்திறனூட்டல்’ என்ற தலைப்பில் செலவான தொகையை அந்த மக்களுக்குப் புரிகிற தமிழில் எப்படிச் சொல்வது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்தது: ‘ஆபீசருங்களுக்கு ஓட்டல்ல கூட்டம் போட்ட செலவு’.